கடைக்கு ஆள் வைக்கும் முன்

மாங்குளத்தில் ஒரு தொழில் தொடங்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக் கடையாக இருக்கலாம், வெதுப்பகம், கராஜ், ஹாட்வெயார் எதுவாகவும் இருக்கலாம். இடம் பிழையில்லை. ஏ-9 வீதியால் யாழ்ப்பாண, கொழும்பு பஸ்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சந்தியில் கிழக்கே முல்லைத்தீவு வீதி பிரிகிறது, மேற்கே மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போகலாம். 2013 முதல் ரயிலும் மறுபடி வருகிறது. காங்கேசன்துறை, பரந்தன் ஆகியவற்றோடு மாங்குளத்திலும் ஒரு முதலீட்டு வலயம் அமைப்பதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

கடை வாடகை, தளபாடம், சாமான், கரண்ட் பில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆட்களுக்கு மட்டும் 'சம்பளம்' என்று ஒரே வரி எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கும், எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு முன் பதிவு வேலைகளைச் சுருக்கமாக முடித்துவிடுவோம்.

எங்கே பதிவது? தனி ஆளாகவோ கூட்டாகவோ ஒரு பெயர் வைத்து வியாபாரம் செய்வதென்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். மாங்குளம் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது, ஆகவே விண்ணப்பத்தை அங்கே கேளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கடை இருக்கும் இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆவணம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் இரண்டு தரம் அலைய வேண்டி வராது. வங்கியில் கடைப் பெயரில் கணக்குத் திறக்கவும் கடன் கேட்கவும் இந்தப் பத்திரம் தேவைப்படும்.

பதிந்தால் போதுமா? போதாது. வருடா வருடம் பிரதேச சபையில் வியாபார உரிமம் எடுக்க வேண்டும். சாப்பாடு விற்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். வெதுப்பகம், அரிசி ஆலை, கராஜ் போன்று புகை, சத்தம், கழிவு எண்ணெய் வரும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படலாம், அதையும் பிரதேச சபையிலேயே விசாரியுங்கள். தராசு வைத்து விற்பவர்கள் அதற்கு முத்திரை குத்துவிக்க வேண்டும்.

காணியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வன்னியில் பலருடைய காணி உறுதிக் காணி இல்லை, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. குடியிருக்க அல்லது பயிர் செய்ய என்று கொடுத்த காணியில் கடை கட்டுவதும், அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதும் அனுமதிப்பத்திரக்காரர் தன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடிய காரியங்கள் இல்லை. முற்பணம் கொடுக்கும் முன் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கட்டடத்துக்குப் போட்ட காசு பின்னர் தொங்கிக்கொண்டு நிற்பதைவிட ஒரு நாள் செலவழித்து ஒட்டுசுட்டான் போய்வருவது நல்லது.

இனி ஆட்கள்.

"என்னுடையது சின்னக் கடை, ரெண்டு பேர்தான் நிற்கினம். எனக்குமா சட்டம்?" முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஆம், உங்களுக்கும்தான். ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஆகக்குறைந்த சம்பளம், ஈ.பி.எவ், ஈ.டி.எவ் மூன்றும் உண்டு. 15 பேர் என்ற எல்லை சில சட்டங்களில் வரும், அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

"அக்காவின்ர பெடியன்தானே?" மனைவியும் பிள்ளைகளும் மட்டும் நின்று நடத்தும் கடை வேறு. அக்காவின் மகனை மாதச் சம்பளம் பேசி வைத்தால் அவர் உங்கள் மருமகன், அதோடு உங்கள் ஊழியர். சொந்தக்காரர் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். வெளியாள் என்றால் பிரச்சினை தொழில் அலுவலகத்தோடு முடிந்துவிடும். சொந்தக்காரர் என்றால் கலியாண வீடு, செத்த வீடு வரைக்கும் இழுபடும்.

நாட்கூலி, பயிற்சிக்கு நிற்கிறார், துண்டுக் கணக்கு என்றெல்லாம் சொன்னால் தப்பலாமா? முடியாது. நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, தையல் துண்டுக்கு இவ்வளவு என்று எந்த முறையில் கொடுத்தாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எவ் சேரும். "மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கட்டுவோம்" என்பது பல கடைகளில் நடக்கிற வழக்கம், சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆகக்குறைந்தது எவ்வளவு கொடுக்க வேண்டும்? 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டது. அதன்படி 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் ஆகியிருக்கிறது. நாட்கூலிக்கு 1,200 ரூபா. ஹோட்டல், வெதுப்பகம், கட்டட வேலை, மோட்டார் போக்குவரத்து போன்ற தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் (அந்தந்தத் தொழிலுக்குரிய சம்பளத்தையும் லீவையும் தீர்மானிக்கும் குழுக்கள்) தனியாக உண்டு. அவற்றின் தீர்மானம் கூடுதலாக இருந்தால் கூடுதலானதையே கொடுக்க வேண்டும்.

சரி, ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம்) என்றால் என்ன? ஊழியரின் முதுமைக்கான சேமிப்பு. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறீர்கள், நீங்கள் 12 வீதம் போடுகிறீர்கள், மொத்தம் 20 வீதம் அவருடைய பெயரில் சேருகிறது. ஈ.டி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதியம், 1980) வேறு. அதற்கு ஊழியரிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது, நீங்கள் 3 வீதம் கட்ட வேண்டும்.

ஒருவருடைய கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டுக் கடையில் காசாளராக ஒரு தங்கச்சியை 32,000 ரூபாவுக்கு வைக்கிறீர்கள். அவருடைய 8 வீதம் 2,560, ஆகவே அவர் கைக்கு 29,440 போகும். உங்கள் 12 வீதம் 3,840, ஈ.டி.எவ் 960. அப்படியென்றால் அவரால் உங்களுக்கு வரும் உண்மையான மாதச் செலவு 36,800 ரூபா. சம்பளத்துக்கு மேலே 4,800. மாதம் 25 வேலை நாள் என்று பிரித்தால் ஒரு நாளைக்கு 192 ரூபா.

கொப்பியில் 'சம்பளம்' என்று எழுதியிருந்த வரியை இப்போது திருத்துங்கள். பேசிய சம்பளம் எதுவோ, அதோடு 15 வீதம் கூட்டி எழுதுங்கள். இடியப்பப் பார்சலுக்கும் கொத்துக்கும் விலை போடும்போது இந்தத் தொகையை வைத்துத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டும் கட்டுப்படியாகவில்லை என்றால் மூன்று பேருக்குப் பதிலாக இரண்டு பேரோடு தொடங்குங்கள். மூன்றாவது ஆளை அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருப்பது, மாதா மாதம் அவரிடமே கடன் வாங்கிக் கடை நடத்துவதுதான்.

"அண்ணை, ஈ.பி.எவ் வெட்ட வேண்டாம், முழுக் காசையும் கையில தாங்கோ" என்று ஊழியரே கேட்டால்? கேட்பார்கள். இன்றைக்கு வீட்டில் அரிசி இல்லாதவருக்கு 55 வயதில் வரும் காசு பெரிதாகத் தெரியாது. அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தாலும் அந்த உடன்பாடு செல்லாது. பிறகு அவர் வேலையை விட்டுப் போய்த் தொழில் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தால், அவர் பங்கு 8 வீதத்தையும் சேர்த்து 20 வீதமும் உங்கள் தலையில்தான் விழும். அந்தந்த மாதம் வெட்டாத பங்கைப் பிறகு அவரிடம் திருப்பிக் கேட்க முடியாது.

அது எவ்வளவு வரும்? மேலே சொன்ன 32,000 ரூபாச் சம்பளத்துக்கு மாதம் 6,400. மூன்று வருடம் கட்டாமல் விட்டால் 230,400 ரூபா. பிந்திய காலத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வேறு. ஈ.டி.எவ் கணக்குத் தனி. சின்னக் கடைக்கு இது சாமான் வாங்கும் முதலையே விழுங்கிவிடும்.

ஆகவே வெட்ட வேண்டாம் என்று கேட்பவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். காசு மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, வருடா வருடம் வட்டி சேருகிறது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். பெண்கள் கலியாணம் முடித்து வேலையை விட்டாலும் எடுக்க வழி உண்டு. பத்து வருடம் அங்கத்தவராக இருந்து கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ 30 வீதத்தை முன்னரே எடுக்கலாம். இறந்துபோனால் குடும்பத்துக்குச் சேரும். வன்னியில் வீட்டுத்திட்ட வீட்டை அரைகுறையாக விட்டு வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த 30 வீதம் சின்ன விஷயமில்லை.

சாப்பாட்டுக் கடைக்காரருக்கு ஒரு குறிப்பு. ஈ.பி.எவ் கணக்குப் போடும்போது அடிப்படைச் சம்பளம் மட்டும் வராது. வாழ்க்கைச் செலவுப்படி, லீவு நாட்களுக்குக் கொடுக்கும் சம்பளம், சாப்பாட்டுப்படி ஆகியவையும் சேரும். காசாகக் கொடுக்காமல் சாப்பாடாகவே கொடுத்தால் அதன் பெறுமதியும் கணக்கில் வரக்கூடும். மேலதிக நேரக் காசு மட்டும் சேராது. "மூன்று நேரமும் இங்கதானே சாப்பிடுகினம், அதைச் சம்பளத்தில கழிச்சுப்போட்டன்" என்று ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே போனால் பிடிபடுவீர்கள்.

எப்படிக் கட்டுவது? தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் தொழில்தருநராக (வேலை கொடுப்பவராக) பதிந்து ஓர் இலக்கம் எடுக்க வேண்டும். வியாபாரப் பெயர்ப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, ஊழியர்களின் விபரம் தேவைப்படும். ஒவ்வோர் ஊழியருக்கும் ஓர் அங்கத்துவ இலக்கம் போட்டுப் படிவம் நிரப்புவீர்கள். ஒரு மாதத்துக்குரிய காசை அடுத்த மாதம் முடியும் முன் கட்டிவிட வேண்டும். படிவத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையால் இருபது வருடம் கழித்து அந்த மனிசன் சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டி வரும்.

அடுத்தது நியமனக் கடிதம். கடைக்கும் அதெல்லாமா என்று கேட்கலாம். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அதைக் கேட்கிறது. ஒரு பக்கம் போதும், அதுவும் அவர் வாசித்து விளங்கும் மொழியில். இப்படி எழுதலாம்:

"நீங்கள் 2026.03.02 முதல் எமது கடையில் காசாளராக நியமிக்கப்படுகிறீர்கள். மாத அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபா. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலை நேரம் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, இடையில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. வார விடுமுறை ஞாயிறு முழு நாளும் புதன் அரை நாளும். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வழங்கப்படும். ஈ.பி.எவ், ஈ.டி.எவ் சட்டப்படி செலுத்தப்படும். விலகுவதாயின் இரு தரப்பும் ஒரு மாத முன்னறிவித்தல் தர வேண்டும்."

இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையொப்பம் வைத்து, ஒன்றை அவரிடம் கொடுங்கள். இந்தக் கடிதம் ஊழியருக்குத்தான் பாதுகாப்பு என்று பல முதலாளிமார் நினைக்கிறார்கள். பிரச்சினை என்று வந்தால் 'நான் சொன்னது இதுதான்' என்று காட்டுவதற்கு உங்களிடமும் வேறு ஆதாரம் இருக்காது.

சம்பளச் சீட்டும் அப்படித்தான். பில் புத்தகம் அடிக்கும் அச்சகத்திலேயே சம்பளச் சீட்டுப் புத்தகமும் அடிக்கலாம். அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், ஈ.பி.எவ் 8 வீதம், முற்பணம், கைக்கு வந்தது என்று ஐந்து வரி. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். நல்ல ஆள் வேண்டும் என்றால் நீங்கள் அந்தத் தொழிற்சாலைகளோடுதான் போட்டி போடுகிறீர்கள். சம்பளத்தில் அவர்களை வெல்ல முடியாமல் போகலாம். வீட்டுக்குக் கிட்ட வேலை, ஒழுங்கான சீட்டு, தவறாத சம்பள நாள் என்றால் உங்களிடம் நிற்க அவர்களுக்குக் காரணம் இருக்கும்.

சம்பள நாள் எது? மாதச் சம்பளமானால் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 'இந்த மாதம் யாவாரம் குறைவு, அடுத்த மாதம் சேர்த்துத் தாறன்' என்பது சட்டப்படி செல்லாது. யாவாரம் கூடிய மாதத்தில் நீங்கள் கூட்டிக் கொடுக்கவில்லையே.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்? கடை ஊழியருக்குச் சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், அதுவும் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. விடிய ஐந்து மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் சாப்பாட்டுக் கடையை ஒரே குழு முழு நாளும் நின்று நடத்த முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. காலை ஐந்திலிருந்து இரண்டு வரை ஒரு குழு, ஒன்றிலிருந்து பத்து வரை இன்னொரு குழு என்று பிரித்தால் மத்தியானக் கூட்ட நேரத்தில் இரண்டு குழுவும் கடையில் இருக்கும். பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு, நேர அட்டவணை போடும் முன் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

லீவு? வாரத்துக்கு ஒன்றரை நாள், சம்பளத்தோடு. அந்த வாரத்தில் 28 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு (காய்ச்சல், அவசர அலுவல் போன்றவற்றுக்கு). புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதம் தற்செயல் லீவு. அவருடைய வருடாந்த லீவு அடுத்த வருடம் தொடங்கும், எத்தனை நாள் என்பது எந்த மாதத்தில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது: மார்ச் முடியும் முன் சேர்ந்தால் 14, ஜூன் முடியும் முன் என்றால் 10, செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். சம்பளச் சபைக்குள் வரும் தொழில்களில் லீவுக் கணக்கு வேறுபடும்.

வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது, எல்லாரும் ஒரே நாளில் லீவு கேட்கிறார்கள், என்ன செய்வது? இதற்குச் சட்டத்தில் விடை தேடாதீர்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு கலண்டரைக் கடைச் சுவரில் தொங்கவிட்டு, யார் எப்போது லீவு என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். போன வருடம் திருவிழாவுக்கு நின்று வேலை செய்தவருக்கு இந்த வருடம் முதல் உரிமை. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தால் முறுகல் குறையும். முதலாளியின் காதில் தனியாகச் சொல்லி லீவு வாங்கும் வழக்கம் வந்த கடையில் மற்றவர்களின் மனம் வேலையில் நிற்காது.

கோப்பை உடைந்தது, காசுப் பெட்டியில் 500 ரூபா குறைகிறது, சம்பளத்தில் வெட்டலாமா? உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. சட்டம் அனுமதித்த கழிவுகளை மட்டும், அதுவும் ஊழியரின் எழுத்துச் சம்மதத்தோடுதான் கழிக்கலாம். காசாளர் மாறும் ஒவ்வொரு முறையும் இருவருமாகக் காசை எண்ணிக் கொப்பியில் கையெழுத்து வைக்கட்டும். யாருடைய நேரத்தில் குறைந்தது என்று தெரியாமல் எல்லாருக்கும் பங்கு போட்டு வெட்டுவது அநியாயம். முற்பணம் கொடுப்பதையும் திகதி போட்டு எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஊழியர் ஓடிவிடாமல் இருக்க அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ வாங்கி வைத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் பெடியனை வைக்கலாமா? 2021 முதல் ஆகக்குறைந்த வயது 16, அதற்குக் கீழே என்றால் தாய் தகப்பன் வந்து கேட்டாலும் முடியாது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது வேண்டும். கராஜில் வெல்டிங், மர ஆலை வாள் போன்றவற்றில் இளம் பிள்ளைகளை விடவேண்டாம்.

பெண் ஊழியர் பிள்ளை பெறப் போகிறார் என்றால்? 84 நாள் சம்பளத்துடன் லீவு. 2018 திருத்தத்துக்குப் பிறகு முதல் பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. கர்ப்பம் என்பதற்காக நிற்பாட்டவும் முடியாது. திரும்பி வந்த பிறகு, பிள்ளைக்கு ஒரு வயது வரும்வரை பால் கொடுக்க இடைவேளை கொடுக்க வேண்டும். 'அப்படியென்றால் பெண்களையே எடுக்காமல் விடுகிறேன்' என்று சிலர் சொல்வார்கள். போருக்குப் பிறகு எத்தனையோ வீடுகளைப் பெண்கள்தான் தனியே நடத்துகிறார்கள். வேலையை எளிதில் விட்டுப் போகாத ஊழியர்களை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் பேச வேண்டும். கடையின் பின்பக்கம், களஞ்சிய அறை, இரவு கணக்கு முடிக்கும் நேரம் இவற்றில் ஒரு பெண் தனியே நிற்கும்படி வேலையைப் பிரிக்காதீர்கள். வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்கீழ் குற்றம். செய்தவர் சமையல்காரராக இருந்தாலும் நாள்தோறும் வரும் வாடிக்கையாளராக இருந்தாலும் முறைப்பாடு வந்தால் ஊழியரின் பக்கம் நின்று கேளுங்கள். உடை மாற்ற உள்ளே பூட்டக்கூடிய ஓர் அறையும் மலசலகூடமும் இல்லாத கடைக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஒரு பெண் பிள்ளையும் வரமாட்டாள்.

கால் இழந்தவர், கண் பார்வை குறைந்தவர், புனர்வாழ்வு முடித்து வந்தவர் வேலை கேட்டால்? வலுவிழப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலைக்கு எடுக்காமல் தள்ளுவதை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். காசாளருக்கு இருந்து எண்ணத் தெரிய வேண்டும், நிற்கத் தேவையில்லை. படிக்குப் பதிலாகச் சீமெந்தில் ஒரு சரிவு போட அரை நாள் மேசன் வேலை போதும். முன்னர் என்னவாக இருந்தார் என்பதைத் துருவிக் கேட்பதும் மற்ற ஊழியர்களுக்கு முன்னால் அதைப் பேசுவதும் முதலாளிக்குத் தேவையில்லாத வேலை.

கொதி எண்ணெய் ஊற்றுப்பட்டது, வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து, இவற்றுக்கு யார் பொறுப்பு? 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி வேலையில் நேரும் விபத்துக்கு நட்டஈடு கொடுப்பது முதலாளி. 2022 திருத்தத்தோடு வேலைக்கு வந்து போகும் வழியில் நேரும் விபத்தும் இதற்குள் வருகிறது. மாங்குளம் ஆதார வைத்தியசாலை கிட்ட இருப்பது நல்லதுதான், ஆனால் வைத்தியசாலை நட்டஈடு தராது. காப்புறுதி நிறுவனங்களிடம் ஊழியர் நட்டஈட்டுக் காப்புறுதி இருக்கிறது, நாலைந்து பேர் உள்ள கடைக்கு வருடத்துக்கு எவ்வளவு என்று விலை கேட்டு வையுங்கள்.

ஒருவரை நிற்பாட்ட வேண்டி வந்தால்? கோபத்தில் "நாளைக்கு வராதை" என்று சொல்வதுதான் பெரும்பாலான வழக்குகளின் தொடக்கம். முதலில் என்ன பிழை என்று எழுதிக் கொடுங்கள். பதில் எழுத அவருக்கு நாள் கொடுங்கள். பிறகு இருத்தி விசாரியுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டாராக இல்லாத ஒருவரையும் வைத்துக்கொண்டு. நடந்ததை எழுதி வையுங்கள். நிற்பாட்டப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு (வேலை நீக்கம் நியாயமா என்று தீர்க்கும் மன்றம்) போகலாம். கடையில் மூன்று பேர் என்றாலும் போகலாம். அங்கே உங்களிடம் கேட்கப்போவது காரணம் என்ன, அவர் பக்கத்தைக் கேட்டீர்களா என்ற இரண்டைத்தான்.

15 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமும் சேரும். வருடத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக்கேடு அல்லாத காரணத்துக்காக, அதாவது யாவாரம் குறைந்துவிட்டது என்பது போன்ற காரணத்துக்காக, நிறுத்துவதென்றால் ஒன்றில் அவரது எழுத்துச் சம்மதம் வேண்டும் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஒழுக்கக் காரணமென்றால் அதை எழுத்தில், நிறுத்தியதற்குப் பின் வரும் இரண்டாவது வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அவராகவே விலகிப் போனால்? ஐந்து வருடம் முடிந்திருந்து, உங்களிடம் 15 பேரோ மேலோ வேலை செய்தால் 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை உண்டு: வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், 30 நாளுக்குள். 32,000 ரூபாச் சம்பளத்தில் எட்டு வருடம் நின்றவருக்கு 128,000 ரூபா. 15 பேருக்குக் குறைந்த கடை என்றால் இந்தச் சட்டம் வராது, ஆனால் ஊழியர் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்குப் போக வழி இருக்கிறது. ஆகவே சின்னக் கடைக்காரரும் ஆளுக்கு மாதம் ஒரு தொகையை வேறொரு கணக்கில் போட்டு வருவது புத்தி. 32,000 சம்பளத்துக்கு மாதம் 1,333 ரூபா போட்டால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேர்ந்துவிடும்.

போகும் நாளில் அவர் கையில் மூன்று பத்திரம் இருக்க வேண்டும்: எத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்று சொல்லும் சேவைக் கடிதம், கடைசி மாதச் சம்பளச் சீட்டு, ஈ.பி.எவ் அங்கத்துவ இலக்கமும் கடையின் இலக்கமும் எழுதிய துண்டு. ஈ.பி.எவ் எடுக்கும் விண்ணப்பத்தில் நீங்கள் ஒப்பம் வைக்க வேண்டிய இடம் வரும். கோபித்துக்கொண்டு போனவர் என்றாலும் அதை இழுத்தடிக்காமல் வைத்துக் கொடுங்கள்.